பதினான்கு என்று எழுதியவள்

ஜூன் 9

அன்புள்ள ஜல்லி,

கவரின் பின்னால் வேண்டுமென்றேதான் என் பெயரைப் போடவில்லை. போட்டிருந்தால் நீ பிரித்திருக்கமாட்டாய். பிரித்தது பிரித்தாயிற்று, படித்துவிட்டே கிழி.

உன் முகவரி கிடைத்த கதையைக் கேள். போன மாதம் ஒரு கருத்தரங்கில் பாலம் கட்டும் கம்பெனி ஆள் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "எங்க சைட்ல ஒருத்தர் இருக்கார் மேடம். கான்கிரீட் கொட்டப் பலகை அடைச்சிருக்கறதைத் தட்டிப் பார்த்தே தாங்குமா தாங்காதான்னு சொல்லிடுவார். ஆனா வாயைத் திறந்தா கடிச்சுக் குதறிடுவார்" என்றார். எனக்கு வேறு அங்க அடையாளம் தேவைப்படவில்லை.

பதினொரு வருஷம் ஆகிறது. நீயும் நானும் முன்னும் பின்னுமாகப் படித்த அதே கல்லூரியில் நான் இப்போது சிவில் துறைத் தலைவி. பெருமைப்பட ஒன்றுமில்லை, வேறு ஆள் இல்லாததால் என்னைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறார்கள். துறையே உட்காருமா எழுந்திருக்குமா என்று தெரியாத நிலைமை. அறுபது பிள்ளைகள் சேருகிறார்கள். முதல் மாதத்துக்குள் வேறு பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஒரு விதி. போன வருஷம் முதல் நாளன்று முதல்வர் ஐயா உயரமான கோபுரங்களின் படங்களைத் திரையில் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஓடினார்கள். இந்த வருஷம் முப்பதுக்குக் கீழே போனால் துறையை மூடிவிடுவோம் என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்துவிட்டது. கேன்டீன்காரர் இப்போதே என் லேபை அளந்துபார்த்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 4 முதல் நாள். சிவில் என்றால் என்ன, படித்துவிட்டு என்ன ஆகலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நான் சொன்னால் டீச்சர் சொல்வதாக இருக்கும். வெயிலில் நின்றவன் சொல்லவேண்டும். நீ வா.

நேற்று அலமாரியை ஒழிக்கும்போது அப்பாவின் படம் கிடைத்தது. ரோடு ரோலரின் மேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் மடியில் நீ. கை நிறைய ஜல்லி. பக்கத்தில் நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன். வண்டியைவிட நான் வேகமாக நடப்பேன் என்று அப்பாவோடு பந்தயம் கட்டி ஜெயித்த நாள் அது. ஜெயித்தும் மடி உனக்குத்தான் கிடைத்தது.

வருவாயா?

அக்கா


ஜூன் 20

பெருமதிப்பிற்குரிய துறைத் தலைவி அவர்களுக்கு,

தங்கள் ஒன்பதாம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றேன். தங்கள் அழைப்பை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன். வருந்துகிறேன் என்பதும் மரியாதைக்குப் போட்ட வார்த்தைதான்.

காரணம் ஒன்று: இங்கே ஆற்றின் நடுவில் மூன்றாவது தூண் ஏறிக்கொண்டிருக்கிறது. காரணம் இரண்டு: வேலையிலிருந்து துரத்தப்பட்டவனைக் கூப்பிட்டு, வேலை எவ்வளவு நல்லது என்று பேசச் சொல்வது பிள்ளைகளுக்கு நியாயமில்லை. காரணம் மூன்றை நீயே அறிவாய். பதினொரு வருஷம் தம்பி எங்கே இருக்கிறான், இருக்கிறானா இல்லையா என்று கேட்காதவளுக்கு, துறை மூடப்போகிறது என்றதும் தம்பி ஞாபகம் வந்துவிட்டது. கேன்டீன்காரருக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

உன் லேபில் நீ எழுதிய ஓர் எண்ணால் நான் தெருவுக்கு வந்தேன். சொந்த அக்கா. ஒரு போன் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் கணக்கு முடிந்துவிட்டது, திரும்பப் பிரிக்காதே.

பந்தயத்தில் நீ ஜெயிக்கவில்லை. நீ ஓடினாய். நடக்கவேண்டும் என்றுதான் பேச்சு. அழுகுணி ஆட்டம் ஆடினதால்தான் மடி எனக்குக் கிடைத்தது என்று அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
பாலத்து இன்ஜினியர்


ஜூன் 27

அன்புள்ள பாலத்து இன்ஜினியர் துரை அவர்களுக்கு,

"தாங்கள்" என்று ஆரம்பித்து "நீ" என்று முடிக்க நான்கு வரிகூடத் தாங்கவில்லையே உனக்கு. எனக்கு அது போதும்.

நான் உன்னைத் தேடவில்லை என்று யார் சொன்னது? நீ கோபித்துக்கொண்டு போன அந்த வருஷமே உன் பழைய அறைக்குப் போனேன். காலி செய்துவிட்டான் என்றார்கள். போன் எண்ணை மாற்றிவிட்டாய். உன் மாமா இரண்டு ஊர்களில் விசாரித்தார். மூன்றாவது வருஷம் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது, விட்டுவிட்டேன். அது என் தப்புதான்.

நீ வரவேண்டாம். நான் பேசப்போவதை எழுதியிருக்கிறேன், அதையாவது திருத்திக் கொடு. ஒரு பகுதி மட்டும் இங்கே:

"மாணவச் செல்வங்களே, சிவில் என்பது மனித நாகரிகத்தின் தாய். சாலை, பாலம், அணை, குடிநீர், கட்டடம் என எங்கும் நாமே நிறைந்திருக்கிறோம். நீங்கள் வடிவமைப்பாளராகலாம், நில அளவையாளராகலாம், மண்ணியல் வல்லுநராகலாம், அரசுப் பணிக்கும் போகலாம். நமது துறையில் நேர்மையே முதல் பாடம். ஓர் உதாரணம்: தூண் வார்க்கும்போது, அதே கலவையில் கொஞ்சம் எடுத்து மூன்று சிறு அச்சுப்பெட்டிகளில் நிரப்புவார்கள். அதற்கு க்யூப் என்று பெயர். அவற்றை இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். எந்த அளவு அழுத்தத்தில் உடைகிறதோ அந்த எண்தான் தூணின் பலம். தூண் பொய் சொல்லும், க்யூப் சொல்லாது."

எப்படி இருக்கிறது? உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். முதல் பத்தியிலேயே செய்தித்தாளை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா


ஜூலை 6

அக்கா,

மாமா நல்ல மனுஷன், அதனால் முகத்தை மூடிக்கொண்டார். நானாக இருந்தால் எழுந்து போயிருப்பேன். "நாகரிகத்தின் தாய்" என்று நீ சொல்லி முடிப்பதற்குள் பத்துப் பேர் கம்ப்யூட்டர் பிரிவின் வாசலில் நிற்பார்கள். மாணவச் செல்வங்களே என்று கூப்பிடாதே. அவர்கள் செல்வங்கள் அல்ல, மார்க் பத்தாமல் சிவிலில் விழுந்தவர்கள். நானும் அப்படி விழுந்தவன்தான். நீ மட்டும்தான் கேட்டு வாங்கிச் சேர்ந்தாய்.

அவர்களுக்கு இதைச் சொல். காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதே, அதைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு ஓர் ஆள் இருக்கிறான். பல் தேய்த்துத் துப்பிய தண்ணீர் எங்கே போகவேண்டும் என்று யோசிக்க இன்னோர் ஆள். கம்ப்யூட்டரில் பாலத்தை வரைந்து, காற்றடித்தால் எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஏசி அறையிலேயே வேலை செய்பவர்களும் நம் ஆட்கள்தான். எங்கள் பாலத்துக்கு மண் எடுத்துச் சோதித்த பெண் ஒருத்தி இருக்கிறாள், ஒரு பிடி மண்ணை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு "இன்னும் நாலு மீட்டர் கீழ போங்க சார்" என்பாள். கோபம் கோபமாக வரும், போய்ப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. இப்படி ஆட்களைச் சொல். பதவிகளைச் சொல்லாதே.

கஷ்டத்தையும் சொல்லிவிடு. முதல் இரண்டு வருஷம் ஒரு பயலும் மதிக்கமாட்டான். இருபது வருஷமாகக் கம்பி கட்டுகிறவரிடம் போய்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பேசினால் அவர் சிரிப்பார். சிரிக்கவிடவேண்டும். திறப்பு விழாக் கல்வெட்டில் நம் பெயர் இருக்காது. ஆனால் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஆளிடம் "இது நான் கட்டினது" என்று சொல்லத் தோன்றும். நானே இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். ஒருத்தர் சீட் மாறி உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் வருஷம் சர்வே கேம்ப் ஞாபகம் இருக்கிறதா? நில மட்டம் பார்க்க நீ உபயோகித்த லெவல் கருவியே மூன்று வருஷம் கழித்து என் கைக்கு வந்தது. பெட்டியின் மூடிக்குள் உன் கிறுக்கல்: "குமிழ் நடுவில் வராமல் எண்ணை எழுதாதே, கழுதை." அது எனக்கு எழுதியது என்று நினைத்து, ஊரில் இல்லாத அக்காவோடு சண்டை போட்டேன்.

க்யூப் பத்தியை எடுத்துவிடு. என்னை உதாரணமாகக் காட்டிப் பாடம் நடத்துகிறாயா? இருபது வரவேண்டிய இடத்தில் பதினான்கு என்று எழுதினாயே, ஒரு போன் போட்டு "டேய், இப்படி வந்திருக்கு, என்னடா ஆச்சு" என்று கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டு அதே பதினான்கை அனுப்பியிருந்தால்கூட நான் உன்னை விட்டுப் போயிருக்கமாட்டேன்.

ஜல்லி


ஜூலை 12

ஜல்லி,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். என் உரையைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். இதுவரை உன் மாமாவிடம்கூடச் சொன்னதில்லை.

வெளியிலிருந்து நம் கல்லூரி லேபுக்கு வரும் க்யூப்களில் எந்த சைட் என்று பெயர் இருக்காது, குறியெண் மட்டும்தான். யாருடையது என்று எங்களுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஆனால் நீ ஏழு போடும்போது நடுவில் ஒரு கோடு இழுப்பாயே! ஈரக் கான்கிரீட்டில் ஆணியால் கீறியிருந்த அந்த ஏழைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முதல் க்யூப் பதினான்கில் உடைந்தது. மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து முகம் கழுவினேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பதினான்கைக்கூடத் தொடவில்லை.

போனை எடுத்தேன். எடுக்கவில்லை என்று நினைக்காதே. உன் எண்ணில் பாதி அழுத்திவிட்டு வைத்தேன். போன் பண்ணியிருந்தால் நீ என்னிடம் எதையும் மாற்றச் சொல்லியிருக்கமாட்டாய், அது எனக்குத் தெரியும். பயம் உன்மேல் இல்லை. உன் குரலைக் கேட்டால் நானே மாற்றி எழுதிவிடுவேன் என்று பயந்தேன். அது பிள்ளைகள் படிக்கப்போகும் பள்ளிக்கூடம், ஜல்லி. எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நான்கு தூண்களை உடைத்தார்கள், உன்னை அனுப்பினார்கள். நீ வாசலில் நின்று "சொந்தத் தம்பி வயித்துல அடிச்சிட்டல்ல" என்று கத்திவிட்டுப் போனாய்.

உனக்கு மட்டும்தான் மனத்தாங்கலா? அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, உன் சைட்டுக்குப் போன் பண்ணி உடனே வா என்றேன். ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய தூரம். மூன்று மணி நேரம் கழித்து, செருப்பெல்லாம் சிமென்டாக வந்து நின்றாய். அம்மாவுக்கு நினைவு இருந்தது அப்புறம் ஒரு மணி நேரம்தான். நான் பண்ணாத போனைப் பதினொரு வருஷமாகச் சொல்லிக் காட்டுகிறாயே, நான் பண்ணின போனுக்கு நீ என்ன மரியாதை கொடுத்தாய்?

இதை எழுதியிருக்கக்கூடாது. எழுதிவிட்டேன், அடிக்கவும் மனமில்லை.

அக்கா


ஜூலை 18

அக்கா,

அந்த க்யூப் மேல் ஏழு மட்டுமா கீறியிருந்தேன்? வார்த்த தேதியையும் கீறியிருந்தேன். அதை நீ பார்க்கவில்லையா?

பார்க்கவில்லை என்றால் விட்டுவிடு. இதற்கு மேல் கேட்காதே.

இங்கே நல்ல மழை. மூன்றாவது தூணைச் சுற்றித் தண்ணீர் ஏறிவிட்டது.

ஜல்லி


ஜூலை 22

ஜல்லி,

பழைய பதிவேடுகளெல்லாம் மாடியில் மூட்டை கட்டிக் கிடக்கின்றன. லேப் உதவியாளரும் நானும் தும்மிக்கொண்டே தேடி எடுத்தோம். என் கையெழுத்தில்தான் இருக்கிறது: சோதித்த நாள் பிப்ரவரி 9, வார்த்த நாள் ஜனவரி 12.

அன்றும் அதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன், இருபத்தெட்டு வந்தது, சரி என்று மேலே போய்விட்டேன். எனக்கு ஜனவரி 13 மட்டும்தான் நாளாக இருந்தது, அம்மா போன நாள். அதற்கு முந்தின நாளை நான் நினைப்பதே இல்லை.

தப்பைக் கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறேன். மூன்று க்யூப்களைக் கையில் தூக்கிப் பார்த்தவள், அந்தத் தேதியை ஒரு கழித்தலாக மட்டுமே பார்த்திருக்கிறேன்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடு. எதுவாக இருந்தாலும் சொல்.

அக்கா


ஜூலை 27

அக்கா,

சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். சொன்னால் நீ உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வாய் என்று தெரியும்.

அன்றைக்குக் காலையில் எட்டுத் தூண்கள் வார்க்க ஆரம்பித்தோம். நான்கு முடிந்தன. பன்னிரண்டு மணிக்கு உன் போன். "அம்மாவுக்கு முடியலடா, உடனே வா." சைட்டில் இன்ஜினியர் என்று நான் ஒருத்தன்தான். மேஸ்திரியிடம் இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "கலவை கெட்டியா இருக்கு சார். இப்படியே குத்திக் குத்தி இறக்கினா மூணு மணி நேரம் ஆயிடும்" என்றார்.

நான் சொன்னேன்: "தண்ணி சேர்த்துக்கங்க. சீக்கிரம் முடிங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்று அவருக்கும் தெரியும். தண்ணீர் சேர்த்ததும் கலவை கஞ்சி மாதிரி ஓடியது. ஒன்றரை மணி நேரத்தில் மீதி நான்கு தூண்களும் நிரம்பிவிட்டன. க்யூப் எடுக்கவேண்டிய நேரம் வந்தது. "சார், க்யூபுக்கு மட்டும் தனியா நல்ல கலவை போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார். உலகத்தில் நடக்காதது இல்லை, உனக்கே தெரியும். வேண்டாம் என்றேன். அந்தக் கஞ்சியையே அள்ளி மூன்று பெட்டிகளில் நானே நிரப்பினேன். எண்ணையும் தேதியையும் கீறிவிட்டு ஓடிவந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. தூணில் தப்பு செய்தவனுக்கு க்யூபில் பொய் சொல்லக் கை வரவில்லை. உன் லேபுக்குத்தான் போகிறது என்று தெரியும். நீ பார்த்துவிடுவாய் என்று ஒரு மூலையில் தைரியம், பார்க்காமல் விட்டுவிடமாட்டாயா என்று இன்னொரு மூலையில் ஆசை. இருபத்தெட்டு நாள் இரண்டையும் சுமந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். மேலே தளம் போடப் பலகை அடிக்க ஆரம்பித்த பிறகும் மூடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் சேர்த்ததைவிட எனக்கு அவமானமாக இருப்பது அதுதான்.

உன் எண் வந்தது. நீ எழுதியது சரி என்று அந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. அதனால்தான் அவ்வளவு கத்தினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ "வேலைதான் பெருசா போச்சா உனக்கு" என்றாய். உள்ளே போனேன். அம்மா என் செருப்பைப் பார்த்தாள், "வேலையை முடிச்சிட்டு வந்தியா?" என்றாள். "முடிச்சிட்டேன்மா" என்றேன். அவளிடம் நான் கடைசியாகச் சொன்ன பொய் அது.

இந்தக் கடிதத்தைப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டு. உன் உதாரணத்துக்கு இதுதான் சரியானது. என் பெயர் வேண்டாம். நான் வந்து நிற்கமாட்டேன், என்னால் முடியாது.

ஜல்லி


ஜூலை 31

என் கண்ணு,

மாட்டேன். படித்துக் காட்டமாட்டேன். பெயரில்லாத கடிதத்தைப் படித்தால் அது நீதிக்கதை ஆகிவிடும், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நீ வந்து சொல். முடியாவிட்டால் சும்மா வந்து நில், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

கடிதம் வந்ததிலிருந்து வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. உன் மாமா என்ன என்று கேட்டார். கடிதத்தையே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் நான் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. மன்னித்துவிடு என்று மட்டும் கேட்கிறேன். என்னிடம் எந்தத் தம்பியும் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை, நானும் எந்தத் தம்பியிடமும் கேட்டதில்லை. ஆகவே எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

மற்றபடி, நீ பயந்த மாதிரி நான் எதையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளப் போவதில்லை. அந்த க்யூப்கள் இன்றைக்கு வந்தாலும் பதினான்கு என்றுதான் எழுதுவேன். அம்மாவுக்கு முடியவில்லை என்றால் இன்றைக்கும் உனக்குத்தான் முதலில் போன் பண்ணுவேன். இரண்டில் ஒன்றுக்காகவும் நான் வருத்தப்படவில்லை. நடுவில் நீ தனியாக மாட்டிக்கொண்டு நின்றாயே, அதற்குத்தான் நாள் பூராவும் அழுதேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. பழைய செமினார் ஹால், படியேறினால் இடதுபக்கம். மின்விசிறி மாற்றிவிட்டார்கள், இப்போது சுற்றுகிறது.

அக்கா


செப்டம்பர் 8

அக்கா,

உன் கார்டு வந்தது. அறுபதில் நாற்பத்தொரு பேர் தங்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். கேன்டீன்காரருக்கு என் ஆழ்ந்த அனுதாபம். என்னால் தங்கினார்கள் என்று நீ சொல்வதை நான் நம்பவில்லை. மண்ணை உருட்டிப் பார்க்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னபோதுதான் பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என் கதைக்கு யாரும் அசையக்கூட இல்லை.

நீ என்னை அறிமுகப்படுத்துவாய் என்று அனுபவம், பதவி எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தேன். நீ அதை வாங்கவே இல்லை. "இவன் என் தம்பி. இவன் வார்த்த தூண் தேறாதுன்னு எழுதினது நான்தான். இனி அவன் பேசுவான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். அதற்கப்புறம் எனக்கு மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. பேசிவிட்டேன்.

ஒரு மாதம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உன் பிள்ளைகளில் ஒருத்திதான். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. எல்லோரும் சம்பளம் எவ்வளவு, வெளிநாடு போகலாமா என்று கேட்டார்கள். அவள் மட்டும் எழுந்து, "அன்னைக்கு நீங்க என்ன பண்ணியிருக்கணும் சார்?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன். ஹால் சிரித்தது. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மறுநாள் கான்கிரீட் இருந்தது, வீட்டுக்குக்கூட வரமுடியவில்லை. மாமா பஸ் ஸ்டாண்ட் வரை வந்து தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார்.

பதினொரு வருஷத்தில் இந்தக் கேள்வியை நான் எனக்கே கேட்டுக்கொண்டதில்லை. தண்ணீர் சேர்த்தது தப்பு, சொல்லாமல் இருந்தது தப்பு என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சரி எதுவென்று யோசித்ததே இல்லை. இந்த ஒரு மாதம் மூன்றாவது தூணின் பக்கத்தில் நின்றுகொண்டு யோசித்தேன். அவளைப் பார்த்தால் சொல்லிவிடு.

நிறுத்தியிருக்கவேண்டும். கலவை மெஷினை அணைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கவேண்டும். பாதியில் நின்ற தூணின் மேல்பரப்பை மறுநாள் கொத்திவிட்டு மேலே வார்க்கலாம். பழசோடு புதுசு ஒட்டவில்லை என்றால் பலகையைப் பிரித்து, உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாக வார்க்கலாம். அரைநாள் வேலை. மேலதிகாரி நான்கு வார்த்தை திட்டியிருப்பார், அவ்வளவுதான். பாதியில் விட்டுவிட்டு வர எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அதை எந்தப் பாடத்திலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நீ உன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு.

அப்படி வந்திருந்தால் ஒன்றரை மணிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேன். அம்மா செருப்பைப் பார்த்திருப்பாள், அதே கேள்வியைக் கேட்டிருப்பாள். "இல்லம்மா, பாதியில விட்டுட்டு வந்துட்டேன்" என்று உண்மையைச் சொல்லியிருப்பேன். பிடிபிடியென்று பிடித்திருப்பாள். எடுத்த வேலையை எவனாவது பாதியில் விடுவானா, உங்கப்பா இப்படித்தான் பாதி ரோட்டில் வண்டியை விட்டுவிட்டு வந்தாரா என்று ஆரம்பித்திருப்பாள். நீ நடுவில் பேசப் போய் நீயும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாய். இன்னும் ஒன்றரை மணி நேரம் நம் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டு இருந்திருப்பாள், அக்கா.

ஜல்லி